பத்து வருஷங்கள் கழிந்தன

கதை எழுதுகிறவர்களுக்கு மிகவும் சௌகரியமான வாக்கியம் ஒன்று உண்டு. "பத்து வருஷங்கள் கழிந்தன" என்பதே அது. கதாநாயகன் குருவின் வாசலில் வந்து நிற்கிறான். கையில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் பழி தீர்க்க வேண்டும் என்ற வெறி மட்டும் இருக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் அவன் மகாவீரனாக மலையிலிருந்து இறங்கி வருகிறான். நடுவில் என்ன நடந்தது? பத்து வருஷங்கள் கழிந்தன, அவ்வளவுதான். வாசகர்களும் இதற்கு ஆட்சேபம் சொல்வதில்லை. அவர்களுக்கும் சண்டைக் காட்சிக்குச் சீக்கிரம் போய்ச் சேரவேண்டும் என்ற அவசரம்.

இப்படித் தாண்டிப் போவதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். சீனர்களின் "குங்ஃபூ" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கொட்டகைகளில் அந்தச் சொல்லுக்கு உதை, குத்து என்றுதான் பொருள். சீன மொழியில் அதன் பழைய பொருள் வேறு. ஒரு காரியத்தில் ஒருவன் செலவிட்ட காலமும் உழைப்பும், அதனால் கைவந்த தேர்ச்சியும் குங்ஃபூ எனப்படும். தேநீர் தயாரிப்பதிலும் குங்ஃபூ உண்டு. எழுத்து எழுதுவதிலும் உண்டு. ஆகவே குங்ஃபூவைப் பற்றிய கதையில் பத்து வருஷங்களை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டால், எதைப் பற்றி எழுதப் புறப்பட்டோமோ அதையே தாண்டிவிட்டோம் என்றுதான் அர்த்தம்.

கற்பதையே கதையாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் எவ்வளவு உண்மையாகச் சொல்ல முடியும்? தென் சீனத்து வித்தை ஒன்றையும், அதைச் சுற்றி எழுந்த கதைகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பார்க்கலாம்.

குவாங்துங் மாகாணத்தில் பரவிய சண்டை முறைகளில் மிகவும் பெயர் பெற்றது ஹுங் கார். ஹுங் என்பவரின் குடும்பத்து முறை என்று அதற்குப் பொருள். அதில் சேருகிற மாணவன் முதலில் கற்றுக்கொள்வது அடிப்பதை அல்ல, நிற்பதை. கால்களை அகல வைத்து, முழங்காலை மடித்து, முதுகு வளையாமல், குதிரைமேல் உட்கார்ந்திருப்பவனைப் போல நிற்க வேண்டும். அடியில் குதிரை இல்லை என்பதுதான் சங்கடம். ஓர் ஊதுபத்தி எரிந்து தீரும்வரை நில் என்பது பழைய குருமார்களின் கணக்கு. இரண்டு நிமிஷத்தில் தொடை எரிகிறது. ஐந்து நிமிஷத்தில் நடுங்குகிறது. நாளைக்கும் அதே. அடுத்த மாசமும் அதே.

நிற்கத் தெரிந்த பிறகு வரிசைகள் வரும். புலியை அடக்கும் வரிசை முதலாவது. அதில் பாதங்கள் தரையில் ஒரு சீன எழுத்தின் வடிவத்திலேயே போய்த் திரும்புகின்றன. அடுத்தது புலியும் கொக்கும் சேர்ந்த வரிசை. பிறகு டிராகன், பாம்பு, புலி, சிறுத்தை, கொக்கு என்ற ஐந்து பிராணிகளையும் பஞ்ச பூதங்களையும் இணைத்த வரிசை. கடைசியில், பல வருஷங்களுக்குப் பின், "இரும்புக் கம்பி" என்ற வரிசை. அதில் துள்ளலும் பாய்ச்சலும் கிடையாது. மூச்சும் குரலும் தசையின் இறுக்கமும் தளர்ச்சியுமே பாடம். முன்னங்கைக்குத் தென் சீனத்து வித்தைக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் "பாலம்". நம்மையும் எதிராளியையும் சேர்ப்பது அதுதானே! வன்மை, மென்மை என்று தொடங்கிப் பன்னிரண்டு வகைப் பாலங்களைச் சொல்கிறார்கள். அவற்றைக் கேட்டு மனப்பாடம் செய்ய ஒரு மாலைப்பொழுது போதும். கைக்குக் கொண்டுவர ஆயுள் வேண்டும்.

இதில் கதாசிரியனுக்கு என்ன கிடைக்கிறது? எதிரி இல்லை. சம்பவம் இல்லை. நேற்றைய மாணவனுக்கும் இன்றைய மாணவனுக்கும் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் இல்லை. கதை நிகழ்ச்சிகளை வைத்துப் பிழைக்கிறது. கற்பவனுக்கோ நாட்கள்தான் கிடைக்கின்றன, நிகழ்ச்சிகள் கிடைப்பதில்லை. எனவேதான் நாம் "பத்து வருஷங்கள் கழிந்தன" என்று எழுதிவிட்டு நகர்ந்து விடுகிறோம்.

இந்த இடைவெளி எவ்வளவு அகலமானது என்பதற்கு ஹுங் காரின் சரித்திரத்திலேயே ஒரு விசித்திரமான சாட்சி இருக்கிறது. கான்டன் நகரத்தில் வோங் ஃபெய் ஹுங் என்ற வித்தைக்காரர் இருந்தார். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் வைத்தியசாலை ஒன்றையும் நடத்தி வந்தார். 1924-ல் நகரத்து வியாபாரிகளின் படைக்கும் அரசாங்கத்துக்கும் நடந்த மோதலில் அந்த வைத்தியசாலை எரிந்து போயிற்று. அவருடைய சிஷ்யர்களில் ஒருவர் லாம் சாய் விங். இவர் பன்றி இறைச்சி வெட்டும் தொழில் செய்தவர். பிற்காலத்தில் ஹாங்காங்கில் பள்ளி வைத்துப் பலருக்குக் கற்பித்தார். லாம் சாய் விங்கின் சிஷ்யர் சூ யூ சாய் என்பவர் எழுத்தாளர். குருவின் பெயரில் வந்த பயிற்சிப் புத்தகங்களை எழுதி உருவாக்கியவர் இவரே. 1930-களில் ஹாங்காங் பத்திரிகையில் வோங் ஃபெய் ஹுங்கின் பராக்கிரமங்களைத் தொடர்கதையாக எழுதியவரும் இவரே.

ஒரே கை இரண்டையும் எழுதியிருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பயிற்சிப் புத்தகத்தில் ஒவ்வோர் அசைவும் இருக்கிறது: இந்தக் கால் இங்கே, அந்தக் கை அங்கே என்று படமும் விளக்கமுமாக. ஆனால் அதில் காலம் இல்லை. எந்த நாள் தொடையின் நடுக்கம் நின்றது, எந்த மழைக்காலத்தில் மாணவன் ஓடிப்போக நினைத்தான் என்பது அதில் இராது. தொடர்கதையில் பராக்கிரமம் இருக்கிறது. அதிலும் காலம் இல்லை. வீரன் வீரனாகவே வருகிறான். சூ யூ சாய் அறியாதவர் அல்லர். நின்று பழகிக் காலில் வலி கண்டவர். அவருக்கே, அசைவுகளை ஒரு புத்தகத்திலும் வெற்றிகளை இன்னொரு புத்தகத்திலும் வைக்க வேண்டியிருந்தது. நடுவில் நின்ற மாணவனுக்கு இரண்டிலும் இடம் இல்லாமல் போயிற்று.

அந்தத் தொடர்கதையை வைத்துத்தான் 1949-ல் முதல் வோங் ஃபெய் ஹுங் படம் வந்தது. வூ பாங் டைரக்ட் செய்தார். கான்டன் நாட்டு இசை நாடக நடிகரான க்வான் தக் ஹிங் வோங்காக நடித்தார். படம் பிடித்துப்போய், 1956-ம் வருஷத்தில் மட்டும் இருபத்தைந்து வோங் படங்கள் வந்தன. மொத்தத்தில் எழுபதுக்கு மேற்பட்ட படங்களில் க்வான் அதே வேஷத்தைப் போட்டார். பழைய வரிசைகளைப் பழகியவர்களே அந்தப் படங்களில் ஆடிக் காட்டினார்கள். அந்த வகையில் அவை மதிப்புள்ள ஆவணங்கள். ஆனால் கதை என்ற முறையில் பார்த்தால் வோங் எப்போதோ கற்று முடித்தவர். பொறுமையும் தர்மமும் போதிக்கும் பெரியவர். சிஷ்யர்கள் தெருவில் வம்பை விலைக்கு வாங்கி வருகிறார்கள், குரு கண்டிக்கிறார், கடைசியில் தானே போய்ச் சண்டை போட்டு முடித்து வைக்கிறார். எழுபது படங்களில் ஒரு மனிதர் கற்பித்துக்கொண்டே இருக்கிறார். ஒருவனாவது கற்பதை நாம் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

அந்தப் படங்களில் நடித்துக் கூலி வாங்கியவர்களில் லாவ் சாம் ஒருவர். இவரும் லாம் சாய் விங்கின் நேர் சிஷ்யர். இவருடைய மகன் லாவ் கார் லியுங். தகப்பனாரிடம் சிறு வயதிலேயே ஹுங் கார் கற்று, அதே படங்களில் உதிரி நடிகனாக உதை வாங்கி, பிறகு சண்டைக் காட்சிகளை அமைப்பவராகி, 1970-களில் ஷா பிரதர்ஸ் கம்பெனியில் டைரக்டர் ஆனார். 2013-ல் காலமானார். எழுத்தாளனுக்குப் பேனா எப்படியோ, இவருக்குக் குதிரை நிலை அப்படி, காலிலேயே இருந்தது. கற்பதைக் கதையின் நடுவில் கொண்டுவந்து வைத்தவர் இவர்தான்.

1977-ல் இவர் எடுத்த ஒரு படத்தில், ஹுங் கார் முறையின் ஆதி புருஷராகச் சொல்லப்படும் ஹுங் ஹெய் குன் வருகிறார். புலி முறையில் வல்லவர். மனைவி கொக்கு முறையில் தேர்ந்தவள். கணவர் பிடிவாதக்காரர், பாய் மெய் என்ற பரம விரோதியை வெல்லப் புலி ஒன்றே போதும் என்கிறார், மனைவியிடம் கற்றுக்கொள்ள மனம் வரவில்லை, போய் மாண்டு போகிறார். மகன் தாயிடம் கொக்கைக் கற்கிறான். தகப்பனாரின் புலி முறை எழுதிய ஏடு சிதைந்து, பாதி போய்விட்டது. அந்த ஓட்டைகளை அவன் தாய் கற்பித்த கொக்கால் அடைக்கிறான். புலியும் கொக்கும் சேர்ந்த வரிசை பிறந்தது இப்படி என்பது படத்தின் கற்பனை. சரித்திரம் அல்ல. ஆனால் ஏடு மட்டும் போதாது, ஒரு மனிதர் கைபிடித்துக் காட்டியதே ஏட்டில் இல்லாத இடத்தை நிரப்பும் என்ற உண்மை அதில் இருக்கிறது. அந்தக் கை அம்மாவின் கையாக இருப்பது இன்னும் அழகு.

1978-ல் வந்தது "ஷாவ்லினின் முப்பத்தாறாவது அறை". இந்த வகைப் படங்களில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான். மஞ்சூரிய ஆட்சியின் கொடுமைக்குக் குடும்பத்தைப் பறிகொடுத்த கான்டன் மாணவன் ஒருவன் ஷாவ்லின் மடத்தில் தஞ்சம் புகுகிறான். கோர்டன் லியூ அந்த வேஷத்தில் நடிக்கிறார். இவரும் லாவ் சாமிடம் வித்தை கற்றவரே. ஒரு வருஷம் பெருக்கிக்கொண்டும் எடுபிடி வேலை செய்துகொண்டும் இருந்தபின், தனக்கு வித்தை கற்றுத் தரவேண்டும் என்று கேட்கிறான். முப்பத்தைந்து அறைகள் இருக்கின்றன, எதில் தொடங்குகிறாய் என்றால், எல்லாவற்றிலும் உயர்ந்ததில் என்கிறான்! அங்கே துறவிகள் சூத்திரம் ஓதிக்கொண்டிருக்கிறார்கள். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. வெளியே தள்ளப்பட்டு, அடுத்த நாள் அடிப்படியிலிருந்து ஆரம்பிக்கிறான்.

அதன் பிறகு படத்தின் நடுப்பகுதி முழுவதும் பயிற்சிதான். சாப்பாட்டு மண்டபத்துக்குப் போக வழியில் ஒரு குட்டை. மிதக்கும் கட்டைகளின்மேல் ஓரடி வைத்துத் தாண்டவேண்டும். விழுந்தவனுக்கு உடையும் நனையும், சோறும் போகும். அடுத்த அறையில் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி வாளியில் தண்ணீர் சுமக்கவேண்டும். கை தாழ்ந்தால், புயத்தில் கட்டிய கத்தி விலாவில் குத்தும். இன்னோர் அறையில் நீண்ட கழியின் நுனியிலுள்ள கனத்தை மணிக்கட்டின் பலத்தால் தூக்கி மணி அடிக்கவேண்டும். வேறோர் அறையில் முகத்தின் இரு பக்கமும் எரியும் ஊதுபத்திகள். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் ஆடும் விளக்கைத் தொடரவேண்டும்.

இந்தக் காட்சிகளில் டைரக்டர் செய்திருக்கும் காரியம் எளிதாகத் தோன்றினாலும் எளிதல்ல. வில்லனை அவர் படத்தின் நடுவிலிருந்து எடுத்துவிட்டார். வாளிதான் எதிராளி. மணிக்கட்டுதான் எதிராளி. "பத்து வருஷங்கள் கழிந்தன" என்பதை அவர் ஓர் உடம்பின்மேல் எழுதிக் காட்டுகிறார். முதல் நாள் குளத்தில் விழுந்த அதே கால், ஒரு நாள் கட்டையின்மேல் தொட்டும் தொடாமலும் போகிறது. அதைப் பார்க்கிறபோது நமக்கு ஏற்படுகிற சந்தோஷம், கடைசிச் சண்டையில் எதிரி விழும்போது ஏற்படுகிற சந்தோஷத்தைவிடப் பெரியது. கற்பதையே கதையாக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு நிரூபணம் வேண்டியதில்லை.

ஆனால் விமரிசகன் இங்கே நின்றுவிடக் கூடாது. இவ்வளவு நல்ல படத்திலும் ஒரு பொய் இருக்கிறது. நல்ல படம் ஆகையால் அந்தப் பொய் அதிகமாகப் பலிக்கிறது. இந்த மடத்தில் எந்தக் கஷ்டமும் வீண் போவதில்லை. ஒவ்வொரு துன்பத்துக்கும் பின்னால் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. சுமந்த தண்ணீரெல்லாம் பிறகு தோளின் பலமாகத் திரும்பி வருகிறது. ஒரு வாளிகூடச் சும்மா சிந்தவில்லை. குருமார்கள் காரணம் சொல்வதில்லை; ஆனால் காரணம் எப்போதும் இருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ படங்கள் இந்தச் சூத்திரத்தைத்தான் எடுத்துக்கொண்டன. 1984-ல் வந்த அமெரிக்கப் படமான "கராத்தே கிட்"டில் கிழவர் பையனை மோட்டாருக்கு மெழுகு பூசச் சொல்கிறார், வேலிக்குச் சாயம் அடிக்கச் சொல்கிறார். பையன் கோபித்துக்கொண்டு கேட்கும்போது, அந்தக் கை அசைவுகளெல்லாம் தற்காப்பு அசைவுகள் என்று தெரிகிறது. நாம் கைதட்டுகிறோம்.

வாழ்க்கையில் குதிரை நிலையில் நிற்கிற மாணவனுக்கு இந்தத் தைரியம் கிடையாது. குரு தன்னை ஏன் நிற்க வைத்திருக்கிறார் என்று அவனுக்குத் தெரியாது. கால் பலப்படுவதற்கா? பொறுமையைச் சோதிப்பதற்கா? இரண்டாவது பாடத்தைச் சொல்லிக் கொடுக்க மனம் இல்லாததாலா? அல்லது குருவுக்கே இரண்டாவது பாடம் சரியாகத் தெரியாததாலா? வாசல் பெருக்கியது விரதமா, சம்பளமில்லாத வேலையா? இந்த நிச்சயமின்மையில்தான் அவன் தன் வாலிப வருஷங்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிறான். கற்பதில் உள்ள தைரியம் வலியைத் தாங்குவது மட்டும் அல்ல. வலிக்குப் பயன் உண்டா என்று தெரியாமலே தாங்குவது. கதை அந்தப் பயனை முன்கூட்டியே உத்தரவாதம் செய்துவிட்டால், மாணவனிடமிருந்த பெரிய விஷயத்தைப் பறித்து, குருவின் தலையில் கிரீடமாக வைத்துவிடுகிறது. குரு செய்வதெல்லாம் நன்மைக்கே என்று திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகள் வித்தைக்கு நல்லவை அல்ல. மோசமான குருமார்களுக்குத்தான் அவை நல்லவை.

முப்பத்தாறாவது அறையைக் காப்பாற்றுவது அதன் பெயரிலேயே இருக்கிறது. எல்லா அறைகளையும் கடந்து, சான் தே என்ற பெயரோடு துறவியாகிவிட்ட மாணவனிடம், ஏதாவது ஓர் அறைக்கு நீயே தலைவனாக இரு என்கிறார்கள். அவன் வேண்டாம் என்கிறான். மடத்துக்கு வெளியே உள்ள சாதாரண ஜனங்களுக்குக் கற்பிக்க முப்பத்தாறாவது அறை ஒன்று வேண்டும் என்று கேட்கிறான். மடம் அதற்கு இடம் கொடாமல் அவனை வெளியே அனுப்புகிறது. தண்டனை என்ற பெயரில் அவன் கேட்டதைத்தான் கொடுத்தார்களோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது, அது இருக்கட்டும். கீழ்ப்படிந்தே எல்லாம் கற்ற ஒருவன், கற்றதன் பலனாக முதன்முதலில் செய்யும் காரியம் குருவோடு மாறுபடுவது. இந்த ஒரு முடிச்சுக்காக மற்றப் பொய்யை மன்னிக்கலாம்.

அதே 1978-ல் வந்த "டிரங்கன் மாஸ்டர்" வேறு ரகம். யுவென் வூ பிங் டைரக்ட் செய்த ஹாஸ்யப் படம். வாலிப வயதிலுள்ள வோங் ஃபெய் ஹுங்காக ஜாக்கி சான் நடிக்கிறார். எழுபது படங்களில் தர்மம் பேசிய பெரியவர் இங்கே சோம்பேறிப் பையன்! குடிகாரக் கிழவர் ஒருவர் அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கிண்ணத்தால் தண்ணீர் மொண்டு ஊற்றச் சொல்கிறார். பையன் ஏமாற்றுகிறான், ஓடுகிறான், திரும்பி வருகிறான். குடிகாரத் தேவர்கள் எட்டுப் பேரின் பெயரால் எட்டு முறைகள். எட்டாவது, பெண் தேவதையின் முறை. பெண்பிள்ளை மாதிரி நெளிவதா என்று அதை மட்டும் அவன் கற்காமல் விட்டுவிடுகிறான். கடைசிச் சண்டையில் ஏழும் தீர்ந்துபோய் எட்டாவது தேவைப்படுகிறது. கற்காமல் விட்ட பாடம் வந்து கணக்குக் கேட்கும் இந்த இடம் எவ்வளவு உண்மை! ஆனால் படம் ஹாஸ்யப் படம். பையன் அந்த நிமிஷமே எட்டாவது முறையைத் தானாகச் சமைத்துக்கொண்டு ஜெயித்துவிடுகிறான். கணக்கு வந்தது, கடன் தள்ளுபடியாகிவிட்டது.

இனி இன்னொரு தென் சீன முறையான விங் சுன்னுக்கு வருவோம். இதில் வெறுங்கை வரிசைகள் மூன்றே மூன்றுதான். முதல் வரிசைக்குப் பெயர் "சிறு எண்ணம்". நின்ற இடத்தை விட்டு நகராமல் கைகளை மட்டும் மெதுவாக நீட்டி மடக்கிப் பழகுவது. புரூஸ் லீக்குக் கற்பித்தவர் என்பதால் உலகம் முழுவதும் பெயர் தெரிந்த இப் மான் இந்த முறையின் ஆசிரியர். 1893-ல் ஃபோஷானில் பிறந்து, சிறு வயதிலேயே கற்கத் தொடங்கி, 1949-ல் ஹாங்காங்குக்கு வந்து, 1950-ல் ஹோட்டல் தொழிலாளர் சங்கத்தில் பாடம் சொல்ல ஆரம்பித்தார்.

இவரைப் பற்றி 2008-ல் வந்த படத்தில் டானி யென் நடித்தார். பார்க்க லட்சணமான படம். ஆனால் முதல் காட்சியிலேயே இப் மான் யாராலும் வெல்லமுடியாதவர். பிறகு பத்துக் கராத்தேக்காரர்களை ஒரே சமயத்தில் வீழ்த்துகிறார். எங்கே கற்றார், எத்தனை முறை தோற்றார் என்பது நமக்குத் தேவையில்லை என்று படம் முடிவு செய்துவிட்டது.

இதனோடு ஒப்பிட இன்னொரு படம் இருக்கிறது. இப் மானே தோன்றும், சப்தமில்லாத சிறு படம். 1972 டிசம்பரில் அவர் இறந்தார். அதற்குச் சற்று முன், நோயினால் மெலிந்துபோயிருந்தபோது, தம் வீட்டில் வரிசைகளைச் செய்து காட்டி, அதைப் படம் பிடித்தார்கள். கதை இல்லை, எதிரி இல்லை. எழுபத்தொன்பது வயதுக் கிழவர் நின்று "சிறு எண்ணம்" செய்கிறார். முதல் நாள் சேருகிற பையன் கற்கும் வரிசை எதுவோ, அதே வரிசை. இரண்டாவது வரிசையும் மரப்பொம்மைப் பயிற்சியும்கூட அதில் உண்டு. மூன்றாவது வரிசையும் ஆயுதப் பயிற்சிகளும் இல்லை. ஆதியும் அந்தமும் ஒரே பாடமாக இருக்கும் வித்தையில், கற்று முடித்தவன் என்று ஒருவன் கிடையாது என்பதை அந்த மெலிந்த கைகள் சொல்கின்றன. பத்துப் பேரை வீழ்த்தும் காட்சியைப் பார்த்தவர்கள் இதையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சீனர்கள் கதையைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு நம் கதையைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. ஷாவ்லின் என்றாலே நமக்குப் போதிதர்மர் ஞாபகம் வந்துவிடுகிறது. காஞ்சிபுரத்திலிருந்து போனார், சீனர்களுக்குச் சண்டை கற்றுக் கொடுத்தார் என்று பெருமைப்படுகிறோம். 547-ம் வருஷத்தையொட்டி எழுதப்பட்ட மிகப் பழைய சீனக் குறிப்பு அவரைப் பாரசீகத் துறவி என்கிறது. தென் இந்தியர் என்று சொல்லும் பழைய ஏடும் உண்டு. ஆனால் இவை எதிலும் சண்டை என்ற பேச்சே இல்லை. தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி நூல் ஒன்றை அவர் பெயரில் ஏற்றியது 1624-ம் வருஷத்தையொட்டி. அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷம் பிந்தி. 1930-லேயே தாங் ஹாவ் என்ற சீன ஆராய்ச்சியாளர் இந்தக் கதைக்கு ஆதாரமில்லை என்று எழுதிவிட்டார். சீனர்களுக்கும் இப்படி ஒரு மூலக்கதை உண்டு. தென் திசையில் ஒரு ஷாவ்லின் மடம் இருந்தது, மஞ்சூரியர்கள் அதை எரித்தார்கள், தப்பியவர்களிடமிருந்து ஹுங் காரும் விங் சுன்னும் பிறந்தன என்பார்கள். அது இரகசியச் சங்கங்கள் தங்கள் பிறப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதையிலிருந்து வந்தது என்று சரித்திரக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள்.

மூலக்கதைகள் பொய்யாக இருப்பதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அவற்றை வைத்து என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. சீனர்கள் தங்கள் மூலக்கதையிலிருந்து முப்பத்தைந்து அறைகளைக் கட்டினார்கள். நாம் என்ன கட்டினோம்? 2011-ல் முருகதாஸ் டைரக்ட் செய்து வந்த "ஏழாம் அறிவு" படத்தில், போதிதர்மரின் வம்சத்தில் வந்த இக்காலத்து வாலிபன் ஒருவனைத் தேடிப் பிடிக்கிறார்கள். அவனுடைய மரபணுவில் தூங்கிக்கொண்டிருக்கும் வித்தையை விஞ்ஞானத்தால் தட்டி எழுப்புகிறார்கள். அவன் எழுந்து வந்து எதிரியை வீழ்த்துகிறான். ஒரு நாள் குதிரை நிலையில் நிற்கவில்லை. ஒரு வாளித் தண்ணீர் சுமக்கவில்லை. "பத்து வருஷங்கள் கழிந்தன" என்று எழுதுகிற சோம்பேறிக் கதாசிரியனாவது பத்து வருஷம் தேவை என்பதை ஒப்புக்கொள்கிறான். இங்கே அந்த ஒரு வாக்கியமும் தேவையில்லாமல் போய்விட்டது.

சூர்யாவின் உழைப்பையோ, படம் எடுத்தவர்களின் திறமையையோ நான் குறை சொல்லவில்லை. அந்தக் கற்பனை நமக்கு ஏன் அவ்வளவு இனித்தது என்று யோசிக்கிறேன். இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சுகம்! பாட்டன் சொத்து எனக்கு. பாட்டன் பட்ட பாடு பாட்டனோடு. ஆனால் குங்ஃபூ என்ற சொல்லின் பொருளை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். செலவிட்ட காலமும் உழைப்பும் தகப்பனிடமிருந்து மகனுக்குத் தானாக இறங்கி வருவதில்லை. லாவ் சாமின் மகன்கூட முதல் நாள் முழங்காலை மடித்து நடுங்கித்தான் நின்றிருப்பான். வோங்கிடமிருந்து இறைச்சி வெட்டுகிறவருக்கும், அவரிடமிருந்து நடிகருக்கும், நடிகரிடமிருந்து மகனுக்கும் அந்த வித்தை வந்தது என்றால், அதில் முதல் இரண்டு கைமாற்றங்களில் இரத்த சம்பந்தமே இல்லை. மூன்றாவதிலும் இரத்தம் மட்டும் போதவில்லை. ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கற்பதை எழுதுவது கஷ்டம். அதில் நாளைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் கிடையாது; பயன் உண்டு என்ற உத்தரவாதம் கிடையாது; குரு நல்லவர்தானா என்பதுகூட நிச்சயம் கிடையாது. ஆனால் நம்மில் பெரும்பாலோர் வாழ்கிற வாழ்க்கை மலையிலிருந்து இறங்கி வரும் வீரனுடையது அல்ல. வாசலில் நின்று தொடை நடுங்குகிற அந்தப் பையனுடையது. அவனுடைய பத்து வருஷங்களைப் பத்து அத்தியாயங்களில் சலிப்பில்லாமல் எழுதிக் காட்டுகிற நாவல் தமிழில் வரட்டும். கடைசி அத்தியாயத்தில் அவன் யாரையும் வெல்லாவிட்டாலும் நான் அதை ஆவலோடு படிப்பேன்.